கோமுவின் கைராசி

ஐயம்பெருமாள் பிள்ளைக்குத் திருட்டுப் பயம் கிடையாது. குறுக்குத்துறை ரோட்டில் இருந்த அந்த வீட்டில் திருட என்ன இருக்கிறது, நாலு பித்தளை அண்டாவும் ரிட்டயர்டு தாசில்தாரின் வீம்பும்தானே! அவருக்குப் பயமெல்லாம் உள்ளே இருப்பவள் வெளியே போய்விடுவாளே என்றுதான். மனைவி கோமுவுக்கு ஞாபகம் தப்பி இரண்டு வருஷமாகிறது. இவர் கொஞ்சம் கண் அசந்தால் போதும், கதவைத் திறந்துகொண்டு ஆற்றுக்கு நடந்துவிடுவாள். தொண்ணூற்றேழு ஐப்பசியில், ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், சோப்புப் பெட்டியும் கையுமாக இடுப்பளவுத் தண்ணீரில் நின்றாள். கரையில் புல்லறுத்துக்கொண்டிருந்த சாரம்மாள்தான் முடியைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினாள்.

பிள்ளை கதவைப் பூட்டிப் பார்த்தார். பூட்டினால் கோமு கதவில் தலையை முட்டி முட்டி அழுதாள். தாலி கட்டினவளைக் கைதி மாதிரி அடைத்து வைத்திருக்கிறோமே என்று இவருக்கும் சோறு இறங்கவில்லை.

சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்த மகன் மகேஷ் ஒரு பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனான். திருடன் வந்தால் கத்துகிற அலாரம், அதுவும் வயரே இல்லாதது. ஒவ்வொரு கதவுக்கும் தீப்பெட்டி அளவில் இரண்டு துண்டுகள். கதவில் காந்தம், நிலையில் பேட்டரி போட்ட சென்சார். கதவு திறந்து இரண்டும் விலகினால் கூடத்துப் பெட்டிக்குச் சேதி போய் சைரன் அலறும்.

"இனிமே பூட்டாதீங்கப்பா. அம்மா தொறந்தா உங்களுக்குத் தெரிஞ்சிரும்" என்றான் மகேஷ்.

பிள்ளைக்கு நம்பிக்கை வந்தது. அந்த வீட்டுக்குள் அப்படி ஒன்று வந்தே வெகுகாலம் ஆகியிருந்தது.

மாட்டிக் கொடுக்க, ஜங்ஷனில் டி.வி. ரிப்பேர் கடை வைத்திருந்த சங்கிலிபூதத்தான் வந்தான். வந்தவனைப் பழைய வீடு படாத பாடு படுத்தியது. வாசல் கதவு தேக்குதான், ஆனால் கோணிப்போய், சாத்தினாலும் சந்து விட்டது. அது திறந்தே கிடப்பதாக நினைத்து சென்சார் சிவப்பு விளக்கை மினுக்கியது. ஒரு மரத்துண்டை வைத்துக் காந்தத்தை முன்னே தள்ளி அதைச் சமாளித்தான். அடுத்து, புறவாசல் சென்சாரின் சேதி கூடத்துக்கு வந்து சேரவில்லை.

"இது வீடா கோட்டையா அண்ணாச்சி? இந்தச் செவுத்தைத் தாண்டி சிக்னல் வரமாட்டேங்கு."

"எங்க தாத்தா கட்டுனதுவே!"

"சிங்கப்பூர்ச் சாமான் வரும்னு அவுகளுக்குத் தெரியாமப் போச்சு" என்று சிரித்தான் அவன். பெட்டியை இரண்டாம் கட்டுக்கு மாற்றிய பிறகு புறவாசலும் பேசியது.

நாற்காலியில் உட்கார்ந்து கோமு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவை புருஷனைப் பார்த்து, "சாப்பிட்டீகளா அண்ணாச்சி?" என்று கேட்டாள். யாரோ வெளியாள் என்று நினைப்பு. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது பிள்ளை குளியலறைக்குள் போய் அழுதார். இப்போதெல்லாம் "ஆச்சு" என்று மட்டும் சொல்லிவிடுவார்.

சைரனை அணைத்துவிட்டு, விளக்கை மட்டும் வைத்து எல்லாக் கதவையும் சோதித்தாயிற்று. இனி சத்தத்தோடு பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

"நான் தொறக்கேன் அண்ணாச்சி. நீங்க பெட்டிகிட்ட நில்லுங்க."

"நில்லும்வே" என்று தடுத்தார் பிள்ளை. அந்த வீட்டில் எந்தப் புதுச் சாமானும் கோமு கைபட்டுத்தான் துவங்கும். கேஸ் அடுப்பை முதலில் பற்றவைத்தது அவள், டெலிபோனில் முதலில் பேசினது அவள். கைராசிக்காரி என்று ஊரே சொல்லும்.

"அம்மா பயந்துருவாக அண்ணாச்சி. சத்தம் தெருவுக்கே கேக்கும்."

"அவ கைபட்டாத்தான் எதுவும் துலங்கும். சும்மா இரும்."

பிடித்த முயலுக்கு மூன்றே கால்! ராகுகாலம் கழியட்டும் என்று காத்திருந்தார். பெட்டிக்குக் குங்குமம் வைத்தார். கோமுவுக்குத் தலை சீவிவிட்டு, கையைப் பிடித்து வாசல் கதவண்டை கூட்டிப்போனார்.

"தொற கோமு."

இரண்டு வருஷமாகத் திறக்காதே, திறக்காதே என்பதையே கேட்டுக்கொண்டிருந்தவள். முகம் அப்படி மலர்ந்துபோயிற்று. "தொறக்கட்டுமா? ஏச மாட்டீகளே?"

"ஏச மாட்டேன். தொறடி."

திறந்தாள். ஐயோ, அது என்ன சத்தம்! காதுக்குள் கம்பியை விட்டுக் குடைகிற சத்தம். கோமு இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் சரிந்தாள். சேலை நனைந்துவிட்டது. சங்கிலிபூதத்தான் ஓடிப்போய்ச் சைரனை அணைத்த பிறகும் அவள் கத்துவதை நிறுத்தவில்லை. தெரு வாசலில் கூட்டம் கூடிவிட்டது. "நல்லாத்தான் வேலை செய்யுது" என்றார் யாரோ ஒரு புண்ணியவான்.

அதன் பிறகு அலாரம் ஒரு நாளும் அடிக்கவில்லை. கோமு வாசல் பக்கமே போகவில்லை. பிழைத்தோம் என்று பிள்ளை நிம்மதியாகத் தூங்கினார். பாவம், அந்தத் தூக்கம் கொஞ்ச நாள்தான். வாசல் கதவுக்குப் பயந்தவள் புறவாசலுக்கும் பயந்தாள், பிறகு எந்த நிலைப்படியையும் தாண்ட மறுத்தாள். குளிக்கக் கூப்பிட்டால் நடுங்கினாள். எல்லாம் கட்டிலிலேயே என்று ஆகிப்போயிற்று. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டது போலாயிற்று பிள்ளையின் கதை.

டாக்டர், "விடுங்க சார், தானா மறந்துருவாங்க" என்றார். எங்கே மறந்தாள்? பெற்ற பிள்ளையின் பெயரை மறந்தவள், தாலி கட்டியவனின் முகத்தை மறந்தவள், இந்த ஒன்றை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

சித்திரையில் ஒரு காலை, பிள்ளை திருப்புளியை எடுத்துத் தம் கையாலேயே எல்லா சென்சாரையும் கழற்றினார். பெட்டியையும் பெயர்த்தெடுத்துப் பரணில் போட்டார். வாசல் கதவை மலர்த்தித் திறந்து வைத்தார். கோமுவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்தார். தாசில்தாராக இருந்த காலத்தில் யாரிடமும் கெஞ்சி அறியாத மனிதர் அவர்.

"வா கோமு, ஆத்துக்குப் போவோம். நானும் வாரேன். பைய நடந்து போவோம்."

அவள் திறந்த கதவைப் பார்த்தாள். இரண்டு விரலையும் காதில் செருகிக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"ஏசாதீங்க அண்ணாச்சி" என்றாள். "தெரியாமத் தொறந்துட்டேன். இனிமே தொடவே மாட்டேன்."