பதினாறாம் நாள் சூடு

முட்டை பொரிக்க வைக்கிற ஆளுக்கு எதற்கு இங்கிலீஷ் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல மேலிடத்தில் ஆள் கிடையாது. அரூரை அடுத்த அந்த அரசுக் கோழிப்பண்ணையில் ஸ்தனிஸ்லாஸ் ஒன்பது வருடமாகத் தினக்கூலி. இங்கிலீஷில் நடக்கும் வாய்மொழிப் பரீட்சையில் தேறினால் வேலை நிரந்தரம். இரண்டு முறை கோட்டை விட்டாயிற்று. எழுபத்திரண்டாம் வருடக் கோடையில் வந்தது மூன்றாவது முறை, அதுவே கடைசி.

"இந்தத் தடவையாச்சும் வாயத் தொறந்து சொல்லிப்புட்டு வாங்க" என்றுதான் மனைவி மதலேனம்மாள் அனுப்பி வைத்தாள்.

வாயைத் திறப்பதில் ஒரு குறையும் இல்லை. சின்ன வயதில் பூசைக்கு உதவியவர். லத்தீன் செபங்களைப் பொருள் தெரியாமலே மனப்பாடம் பண்ணியவர். அதே வழியில் முட்டைப் பாடத்தின் நாற்பது இங்கிலீஷ் வாக்கியங்களையும் நெட்டுருப் போட்டிருந்தார். முதல் வரியில் தொடங்கினால் கடகடவென்று வரும். நடுவில் பிடித்துக் கேட்டால் வராது, மறுபடி முதலிலிருந்துதான். போன இரண்டு முறையும் போனது அதனால்தான்.

சேலத்திலிருந்து வந்த அதிகாரி கிருஷ்ணப்பனும் களைத்துத்தான் இருந்தார். காலையிலிருந்து பன்னிரண்டு பேரைக் கேட்டு முடித்திருந்தார்.

"எம்பிரியோ எப்பய்யா ஹீட் எமிட் பண்ணும்? இங்கிலீஷ்ல சொல்லு."

முட்டைக்குள் இருக்கும் கரு எப்போது சூடு விடும் என்று கேள்வி. அது ஸ்தனிஸ்லாஸின் கைக்குத் தெரியும். பதினான்கு நாள் தாண்டினால் உள்ளிருக்கும் உயிரே சூடு விடத் தொடங்கும். பொரிப்புப் பெட்டியின் மண்ணெண்ணெய் விளக்கைத் தணிக்க வேண்டும். ஆனால் அந்த வாக்கியம் முப்பத்தொன்றாவது.

"மொதல்லருந்து சொல்லிக்கிட்டு வர்றனுங்க சார்."

"சொல்லித் தொலை."

பதினைந்தாவது வரியில் இருக்கும்போது கண் எதிர் அறையிலிருந்த பொரிப்புப் பெட்டிக்குப் போனது. விளக்கு காலையில் வைத்த உயரத்திலேயே எரிந்துகொண்டிருந்தது. பெட்டிக்குள் இருநூறு முட்டை, இன்று பதினாறாம் நாள், வெளியே அக்கினி வெயில். திரியைத் தணிப்பது எப்போதும் அவர்தான், வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். பரீட்சைப் பயத்தில் மறந்தே போயிருந்தார்.

யோசித்திருந்தால் உட்கார்ந்திருப்பார். கால் எழுந்துவிட்டது.

நூற்று மூன்றைத் தாண்டக் கூடாத பெட்டியில் நூற்று நான்கு டிகிரி. திரியை இறக்கினார், மூடியைத் திறந்து துண்டால் விசிறினார். ஒரு முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துச் சூடு பார்த்தார். பிழைத்துக்கொள்ளும் போலிருந்தது.

பின்னாலேயே வந்து நின்ற கிருஷ்ணப்பன் சொன்னார்: "நான் கேட்டதே இதத்தானய்யா. ஆனா நீ இங்கிலீஷ்ல சொல்லாம நான் மார்க் போட முடியாது. வா, மொதல்லருந்து ஆரம்பி. நான் காத்திருக்கேன்."

இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியும் அவருக்கு இவ்வளவு இரக்கம் காட்டியதில்லை. ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறந்தார். முதல் வரி நாக்கு நுனியில்தான் இருந்தது. ஒன்பது வருடக் களைப்பு மொத்தமும் அந்த நேரம் பார்த்து வந்து இறங்கியது.

"வேணாங்க சார்."

"இதுதான்யா கடைசி."

"தெரியுமுங்க. வூட்ல நான் சொல்லிக்கறனுங்க" என்றார், துண்டால் விசிறுவதை நிறுத்தாமல்.