சீவரத்தினத்தின் வளவுக்குள் வந்த அரசன்

இலந்தையடிச் சந்தியில் பிரதேச சபை வைத்து ஆறு வருடமாகக் குதிரையில் இருந்த அரசனின் சிலை, பங்குனி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில் பீடத்தோடு சீவரத்தினத்தின் வளவை நோக்கி இரண்டு அங்குலம் நகர்ந்தது. நேரம் பகல் பன்னிரண்டரை. மினிபஸ்ஸுக்கு நின்றவர்கள் பார்த்துவிட்டு, பஸ் வந்ததும் ஏறிப் போனார்கள். அதன்பிறகு வேலைநாட்களில் நாளுக்கு இரண்டு அங்குலம். சனி, ஞாயிறு, போயா விடுமுறைகளில் அரசன் அசையவில்லை.

அந்த வளவு இரண்டே பரப்புக் காணி. மகள் கஜானிக்குச் சீதனமாக எழுத சீவரத்தினத்திடம் வேறு காணி இல்லை. மாப்பிள்ளை பகுதி வில்லங்கமில்லாத காணி கேட்டிருந்தது. நில அளவையாளர் படம் கீறி முடிப்பதற்குள் அரசன் ஓரடி முன்னால் வந்துவிட்டதால் படம் செல்லாது என்றார்கள். இணக்கசபை, எதிராளியான அரசன் மூன்று தவணைக்கும் சமூகமளிக்கவில்லை என்று பிணக்கைத் திருப்பி அனுப்பியது. ஆவணியில் அரசன் வேலியை விழுத்திக்கொண்டு உள்ளே வந்தார். சீவரத்தினம் பிழைவிட்டது அன்றுதான். பொழுதுபடுவதற்குள் புதுக் கதியால் தடிகள் நட்டு, தகரம் அடித்து, பழைய எல்லையிலேயே வேலியை அடைத்துவிட்டார். அரசன் உள்ளே நின்றார்.

“அண்ணை, சபையின்ரை சொத்தை நீங்களெல்லோ அடைச்சு வைச்சிருக்கிறியள்,” என்றார் பிரதேச சபை எழுதுவினைஞர் குகதாசன்.

“நான் பிடிக்கேல்லை. அவர் வந்தவர்.”

“வந்தவரை ஏன் அடைச்சனீங்கள்?”

“வேலி விழுந்தா அடைக்கிறதில்லையே? உம்மடை வேலி விழுந்தா வெத்திலை வைச்சு ஊரைக் கூப்பிடுவீரோ?”

குகதாசன் கோப்பை மூடிக்கொண்டு புறப்பட்டார். ஒரு கதியாலுக்காக அவர் தமையனோடு கதைக்காமல் விட்டுப் பதினொரு வருடம்.

அரசன் கிணற்றடி வரை வந்து நின்றார்; அதன்பிறகு நகரவில்லை. இரண்டு வருடம் சீவரத்தினம் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினார். எங்கும் நாளைக்கு வரச் சொன்னார்கள். கஜானி அரசனின் வாளில் உடுப்புக் காயப்போட்டாள். கடைசியில், அவருடைய தொல்லை தாங்காமல் சபை ஒரு கடிதம் கொடுத்தது: பதிவேட்டின்படி சபையின் சிலை சந்தியிலேயே நிற்கிறது, வளவில் நிற்பது சபையுடையதல்ல.

“அப்ப அவர் எங்கடை ஆள். சீதன உறுதியிலை எழுதுங்கோ அப்பா,” என்றாள் கஜானி. “விருப்பமெண்டா மாப்பிள்ளை கட்டட்டும்.”

நொத்தாரிசு பரமலிங்கம் அப்படியே எழுதினார்: கல்வீடு, கிணறு, தென்னை நாலு, பலா ஒன்று, குதிரையில் அரசர் ஒருவர். மாப்பிள்ளையின் தாய் ஞானாம்பிகை உறுதியை இரண்டு தரம் வாசித்து, தென்னை நாலும் காய்க்கிறதா என்று மட்டும் கேட்டார்.