சுண்ணாம்பு போடாத கிண்ணம்

இருபத்தொரு நாள் மண்ணை ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். பதினாறு நாள் நான் வைத்திருந்தேன்.

ஜார்கிராமிலிருந்து வந்த சிவப்பு மண், அமிலம் அதிகம். ஏழு கிண்ணங்களில் அதே மண். ஒவ்வொன்றிலும் சுண்ணாம்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். முதல் கிண்ணத்தில் சுண்ணாம்பே கிடையாது. தினமும் எடை போட்டு, குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீர் ஊற்ற வேண்டும். கடைசி நாளில் அளந்தால், அந்த நிலத்துக்கு எவ்வளவு சுண்ணாம்பு என்று தெரியும்.

நடுவில் துர்கா பூஜை வந்தது. வீடு ஊரின் ஒரு கோடியில் டாக்குரியாவில், ஆய்வுக்கூடம் ஆற்றுக்கு அப்பால் சாந்த்ராகாச்சியில். அந்தக் கூட்டத்தில் தனியாக ஹவுரா தாண்டிப் போக எனக்குப் பயம். அதைச் சொல்லக் கூச்சம். காவலாளி நிமாய்தாவிடம் சாவியையும் ஒரு கேன் வடித்த நீரையும் கொடுத்து, தினமும் ஊற்றச் சொன்னேன். பதிவேட்டில் ஐந்து நாளும் நானே ஊற்றியதாக முன்னதாகவே கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்த அன்று அவர் சிரித்தார். "கேன் மூணாம் நாள் அஷ்டமிக்கே தீர்ந்துபோச்சு தீதி. அடிபம்புல பிடிச்சு நிறைய ஊத்தினேன். ஒண்ணுகூடக் காயலை!"

அந்தப் பம்புத் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் கெட்டிலில் வெள்ளையாகப் படியும்; அதுவும் சுண்ணாம்புதான். நான் "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னேன்.

இன்று அளந்தோம். முதல் கிண்ணத்தின் pH 4.8-லிருந்து 5.7-க்கு ஏறியிருந்தது. அமிலம் குறைந்துவிட்டதாகக் காட்டியது.

"ஏம்மா சாதனா," என்றார் பிரிவுத் தலைவர் முருகானந்தம் சார், திருநெல்வேலிக்காரர். "சுண்ணாம்பே போடாத மண்ணு எப்படி ஏறுது? யாராச்சும் வெத்தல போட்டு அதுல துப்பிட்டாங்களா?"

நான் மீட்டரைத் துடைத்தேன்.

போன் அடித்தது. ஹராதன் மாஹாத்தோ, நாற்பது மசூர் பருப்பு விவசாயிகளுக்காகப் பேசுகிறவர். இன்று சொன்னால்தான் விதைப்புக்கு முன் சுண்ணாம்பு மண்ணில் வேலை செய்யும். இந்த அளவை நம்பிக் குறைத்துச் சொன்னால் போன வருடம் போலவே வேர் பிடிக்காது. மறுபடி செய்ய இருபத்தொரு நாள் இல்லை. விரைவுச் சோதனைக்கான ரசாயனம் இரண்டு மாதமாக வரவில்லை.

"எவ்வளவு போடணும், தீதி?" ஸ்பீக்கரில் அவர் குரல்.

சார் போனைக் கையால் பொத்திக்கொண்டு பதிவேட்டைப் புரட்டினார்.

"அஞ்சு நாளும் நீ வந்து ஊத்திருக்க. அப்போ தண்ணி சரி. மீட்டரும் சரி. அந்த வாட்ச்மேன் நிமாய்தான் உள்ள வந்து எதையோ கொட்டிருக்கான். பூஜைக்குப் போதையில இருந்திருப்பான். அவனை இன்னைக்கே அனுப்பிரலாம்."

ஜன்னலுக்கு வெளியே நிமாய்தா பம்பை அடித்துக்கொண்டிருந்தார். எனக்குத் தேநீர் போடத்தான்.

"ஹலோ? தீதி?" என்றது போன்.

"சார்."

"என்னம்மா, சத்தமா சொல்லு."

"பூஜை அஞ்சு நாளும் நான் வரவே இல்லை சார்."