5882353-ம் ஓர் அதிகப்படிச் சொல்லும்

எங்கள் நாட்டில் முனைவர் ஆய்வேட்டோடு தனித்தாளில் சில கூற்றுகளையும் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். வாய்மொழித் தேர்வில் அதிலிருந்தும் கேட்கலாம். கடைசிக் கூற்று வேடிக்கையாக இருப்பது வழக்கம். மற்றவர்கள் சைக்கிளைப் பற்றியோ மழையைப் பற்றியோ எழுதுவார்கள். நான் 5882353 பற்றி எழுதினேன்.

அதை 588, 2353 என்று இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் அதனாலேயே பெருக்கிக் கூட்டினால், வெட்டுவதற்கு முன்பிருந்த எண்ணே திரும்ப வரும். போதாததற்கு அது பகா எண்.

என் நெறியாளர் ஃபான் ஓஸ்ட்ரம் படித்துவிட்டு, இது பீர்க்கடை மேசையில் போடும் கணக்கு என்றார். அவருடைய அப்பாவும் தாத்தாவும் பேராசிரியர்கள். என் அப்பா ஹார்லிங்கன் துறைமுகத்தில் மீன்பெட்டி ஏற்றுகிறவர். பீர்க்கடை என்றபோது யாரைச் சொன்னார் என்று எனக்குத் தெரியும். கூற்றுக்குக் கனம் வேண்டுமென்று, கடைசி நான்கு இலக்கங்களை வெட்டினால் இப்படித் திரும்பும் ‘ஒரே’ எண் இதுதான் என்று அவரே திருத்தினார். செப்டம்பரிலிருந்து அவர் குழுவில் எனக்கு வேலை என்று பேச்சு. வாயை மூடிக்கொண்டு அச்சுக்குக் கொடுத்தேன்.

அச்சான பிறகுதான் சரிபார்த்தேன். ‘ஒரே’ தப்பு. அவரிடம் போய்ச் சொன்னேன்.

“யாரும் கேக்க மாட்டாங்க, சீட்ஸ்கெ. கேட்டா கொஞ்சம் இழுங்க. கோல்காரர் வந்துடுவார்.”

தேர்வு தொடங்கி முக்கால் மணி நேரம் ஆனதும் பல்கலைக்கழகக் கோல்காரர் உள்ளே வந்து, கோலைத் தரையில் தட்டி, நேரமாயிற்று என்று லத்தீனில் சொல்வார். பதில் பாதியில் நின்றாலும் தேர்வு அதோடு முடிந்தது. திணறுகிறவர்கள் எல்லாரும் அவர் வரும்வரை இழுப்பார்கள். அது குற்றமில்லை, திறமை.

கேட்டார்கள். கடைசியாக எழுந்த பேராசிரியர் புரூக்ஸ்மா அந்தத் தாளைத் தூக்கிப் பிடித்து, நிஜமாகவே இது ஒன்றுதானா என்றார். ஃபான் ஓஸ்ட்ரம் கதவைப் பார்த்தார். முதல் வரிசையில் அப்பா, இரவல் கோட்டில், ஒன்றும் புரியாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல,” என்றேன். “பத்தாயிரத்துல 588-ஐக் கழிங்க, 9412. அதுக்குப் பின்னாடி அதே 2353-ஐ ஒட்டுங்க. 94122353. அதுவும் திரும்பும்.”

“அப்ப ‘ஒரே’ன்னு ஏன் எழுதினீங்க?”

“நான் எழுதல. என் நெறியாளர் எழுதினார். தப்புன்னு சொன்னதுக்கு, இழுக்கச் சொன்னார்.”

கோல்காரர் அப்போதுதான் வந்தார்.

பட்டம் கொடுத்தார்கள். வழக்கப்படி ஃபான் ஓஸ்ட்ரமே எழுந்து என்னைப் புகழ்ந்தார். என் நேர்மையைப் பற்றி ஒரு வரி இருந்தது. முன்பே எழுதி வைத்ததாக இருக்கும்.

விருந்தில் மீந்த தாள்களை எடுத்து, ஒவ்வொன்றிலும் ‘ஒரே’ என்ற சொல்லை அடித்துக்கொண்டிருந்தேன். ஃபான் ஓஸ்ட்ரம் வந்து தன் தாளையும் நீட்டினார். செப்டம்பர் பற்றி அப்புறம் பேசலாம் என்றார்.

“நீங்க போட்டது. நீங்களே அடிங்க,” என்று பேனாவைக் கொடுத்தேன்.

அடித்தார். பேனா திரும்பி வரவில்லை. வேலையும் வரவில்லை.