மஞ்சள் டேப்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார்களுக்கு ஒயர்க்கொத்து கட்டித் தரும் கம்பெனியில் லைன் லீடர் வேலை காலியானது. லைன் லீடருக்கு நாற்காலி உண்டு. நின்று நின்று முட்டி தேய்ந்துபோன துர்காதேவிக்கு அந்த நாற்காலிமேல் ரொம்ப நாளாகவே ஒரு கண்.

பர்சனல் ஆபீசர் ஆதிகேசவன் எல்லோரையும் கூப்பிட்டுப் பேசினார். "யாரும் சொல்லாமலே அடுத்தவங்களுக்கு உதவி செய்றவங்களுக்குத்தான் இந்த வேலை. வயசானவங்க, குடும்பஸ்தங்க, சர்வீஸ் அதிகம் உள்ளவங்கதான் அப்படி செய்வாங்கன்னு படிச்சிருக்கேன். நம்ம லைன்ல எப்படின்னு ஒரு மாசம் பாக்கறேன்."

துர்காதேவி மனதுக்குள் அப்போதே உட்கார்ந்துவிட்டாள். லைனில் மூத்தவள் அவள்தான். இரண்டு பிள்ளை பெற்றவள். கம்பெனி திறந்த நாளிலிருந்து நிற்கிறவள்.

ஆனால் யாருக்காவது கை வலித்தால் லைனில் எழுந்த குரல், "ஜபீனு!" என்பதுதான். ஜபீன், பழவேற்காட்டிலிருந்து வரும் சின்னப் பெண். கல்யாணம் ஆகவில்லை. வேலையில் சேர்ந்ததே போன பொங்கலுக்குப் பிறகுதான். நோன்பு மாதம் வேறு. பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், தன் வேலையை முடித்துவிட்டு அடுத்தவள் மேசைக்கு ஓடுவாள். அதைப் பார்க்கப் பார்க்க துர்காதேவிக்கு வயிறு எரிந்தது.

"நேத்து வந்தவ. இவளுக்கு இன்னா இவ்ளோ கிராக்கி?" என்று பக்கத்து மேசை அங்காளம்மாளிடம் பொருமினாள்.

"கேட்டா செய்றாக்கா. கேக்காமயும் செய்றா" என்றாள் அங்காளம்மாள். இதற்கு அவள் வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

அங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு நிற டேப். கொத்தின் நுனியில் அதைச் சுற்ற வேண்டும். பழுது வந்தால் யார் கட்டியது என்று தெரிந்துவிடும். ஜபீன் யாருக்கு உதவினாலும் அவர்கள் டேப்பையே சுற்றிவிட்டுப் போவாள். பைத்தியக்காரி, செய்ததற்கு அடையாளமே இருக்காது. துர்காதேவி அந்தத் தப்பைச் செய்வாளா? அங்காளம்மாள் காய்ச்சலில் தள்ளாடிய அன்று, ஜபீன் வருவதற்குள் முந்திக்கொண்டு ஒரு பெட்டி நிறையக் கட்டித் தள்ளினாள். எல்லாவற்றிலும் தன்னுடைய மஞ்சள் டேப்பைச் சுற்றினாள். ஆபீசர் கண்ணில் பட வேண்டுமே!

பட்டது. அந்தப் பெட்டி அப்படியே திரும்பி வந்தது. அவசரத்தில் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் இடம் மாறியிருந்தன.

"மஞ்சள் யாரு?" என்று கேட்டார் ஆதிகேசவன்.

 நாற்காலி போயிற்று என்று துர்காதேவி நினைத்தாள். அதற்குள் எதிர் மேசையிலிருந்து ஜபீன் முன்னால் வந்தாள்.

"நான் கட்டினது சார். என் டேப் தீந்துபோச்சு, அக்காளுதை எடுத்துக்கினேன்."

லைனே அவளைப் பார்த்தது. எல்லோர் முகத்திலும் அப்படி ஒரு பிரியம். துர்காதேவி சும்மா இருந்திருந்தால் போதும், நாற்காலி அவளுக்குத்தான். ஆனால் அந்தப் பார்வையை அவளால் தாங்கவே முடியவில்லை.

"அய்ய! அது நான் கட்டினது சார்! என் தப்பக்கூட இவளே எடுத்துக்கினு நல்ல பேர் வாங்கிக்கணுமா?"

ஆதிகேசவன் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வயது, சர்வீஸ் என்று தான் படித்ததெல்லாம் அவருக்கு மறந்துபோயிருக்க வேண்டும். "ஜபீன், நாளையிலிருந்து நீதாம்மா லைன் லீடர்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உண்மைய ஒத்துக்கினியேக்கா, உனக்குப் பெரிய மனசு" என்றாள் அங்காளம்மாள். துர்காதேவிக்கு அவளை அறையலாம் போலிருந்தது.

பெட்டி முழுவதையும் பிரித்து, ஷிப்ட் முடிவதற்குள் திரும்பக் கட்ட வேண்டும். குனிந்து முதல் கொத்தை எடுத்தபோது முட்டி சுளீரென்றது. பக்கத்தில் ஜபீன் வந்து நின்றாள். ஒரு கொத்தை எடுத்து, மஞ்சள் டேப்பை உரிக்கத் தொடங்கினாள்.

போடி என்று சொல்ல துர்காதேவி வாயைத் திறந்தாள். பெட்டியைப் பார்த்தாள். தனியாக முடிக்க முடியாது.

கொஞ்சம் தள்ளி நின்று அவளுக்கு இடம் விட்டாள்.