அறுநூற்று நாற்பதாவது பொருள்

ஈரப் பஞ்சை உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தபோது அப்பா ஹேசலின் மணிக்கட்டைப் பிடித்தார். மூன்று நாளாகத் தண்ணீர்கூட இறங்காத மனுஷருக்கு அத்தனை பிடி எங்கிருந்து வந்ததோ.

"அறுநூத்தி நாப்பது," என்றார்.

"அதுக்கு என்னப்பா?"

"பதிவையே எடுத்துடு. திங்கக்கிழமைக்குள்ள." மூச்சு வாங்கியது. "லென்னுக்குத் தெரிய வேணாம்."

எண்ணைச் சொன்னதுமே எந்தப் பொருள் என்று ஹேசலுக்குப் புரிந்துவிட்டது. பதினோரு வருஷமாக அவர்கள் கிளப்பில் ஒரு தரவுத்தளம் சேர்த்துவருகிறார்கள். உழுத வயல்களில் மெட்டல் டிடெக்டரோடு அலைந்து எடுத்த பொத்தான், வார்ப்பூட்டு, நாணயம், ஈயத்துண்டு என்று எல்லாவற்றையும் படம் பிடித்து, எடை போட்டு, எந்த வயல் என்று குறித்து ஏற்றியது. நாலாயிரத்துச் சொச்சம் பொருள். எதையோ தோண்டி எடுத்துவிட்டு முழிப்பவர்கள் அதோடு ஒப்பிட்டு இன்னதென்று தெரிந்துகொள்ளலாம். யார் என்ன சொன்னாலும் கடைசி வார்த்தை அப்பா வில்ஃப் கார்னமுடையது. டிராக்டர் பழுது பார்த்து ஓய்ந்த கை, ஆனால் துருவைச் சுரண்டாமலே உள்ளே இருப்பது என்னவென்று சொல்லிவிடுவார். திங்கட்கிழமை அது நார்ஃபோக் மாவட்டத்திலுள்ள எல்லா கிளப்புகளுக்கும் திறக்கப்படுகிறது. அவர் படுத்ததிலிருந்து தட்டச்சு செய்வது மகள்தான்.

அறுநூற்று நாற்பது அப்பாவின் நண்பர் லென் கட்டிங் எடுத்தது. கட்டைவிரல் அளவு வெண்கலம், இடைவாரின் நுனியில் மாட்டுவது, அதில் ஒரு மிருகத்தின் முகம். ஆயிரம் வருஷத்துக்கு மேற்பட்டது என்று பதிவு சொன்னது. முப்பது வருஷம் தோண்டியும் லாட ஆணியும் பீர் கேன் மூடியும் தவிர வேறெதுவும் காணாத லென்னுக்குக் கிடைத்த ஒரே ஒரு நல்ல பொருள். அதன் படத்தைச் சட்டம் போட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே மாட்டியிருந்தார்.

"ஏம்ப்பா? லென் மாமாகிட்ட இருக்கறதே அது ஒண்ணுதான்."

"நான் பொதச்சது." வில்ஃப் கண்ணை மூடிக்கொண்டார். "புதுசா வந்தவங்களுக்கு ஒரு நாள் வச்சோமே... தேடிப் பழகறதுக்கு நகல் இருபது பொதச்சேன். பத்தொம்பதுதான் திரும்பி வந்துச்சு."

"அப்பா..."

"ரெண்டு வருஷம் கழிச்சு அவன் கருவியில மாட்டிச்சு. உழவுல விழுந்து எந்திரிச்சு ஓடி வந்தான். அந்த மூஞ்சியப் பாத்ததும் எனக்கு வாய் வரல."

பழம்பொருள்களைப் பதியும் மாவட்ட அலுவலரிடம் காட்ட வேண்டும் என்று லென் துடித்தபோது, நானே கொண்டுபோகிறேன் என்று வாங்கி, ஒரு மாதம் மேசை இழுப்பறையில் வைத்திருந்து, எல்லாம் சரி என்று திருப்பிக் கொடுத்துவிட்டாராம். அதையும் சொல்லி முடித்ததும் அவர் பிடி தளர்ந்தது. மூச்சு மட்டும் விட்டு விட்டு வந்தது.

ஹேசல் பஞ்சை வைத்துவிட்டு எழுந்தாள். சமையலறைக்குப் போய்க் கணினியைத் திறந்தாள். அறுநூற்று நாற்பதைப் பார்க்கவும், அறுநூற்று நாற்பதைப் பார்க்கவும் என்று வேறு பதினோரு பொருள்களின் கீழ் எழுதியிருந்தது. யார் யாரோ எடுத்தவை. இந்த ஒரு பொய்யோடு ஒப்பிட்டு இன்னதென்று முடிவு கட்டியவை. திங்கட்கிழமை விவரம் தெரிந்த எவராவது ஒருவர் பார்த்தால் போதும், லென் பெயர் சந்தி சிரித்துவிடும்.

பதினோரு மணிக்கு, தினமும் வருகிற மாதிரி, பின்வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு லென் உள்ளே வந்தார். படுக்கையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு வில்ஃபின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டேய், மழை நின்னுடுச்சு. உழுத வயல்ல மண்ணு வெண்ணெய் மாதிரி இருக்கு. நீ இங்க சொகமா படுத்துக் கெட."

லென் சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய புகையிலை டப்பாவை எடுத்து ஹேசலிடம் நீட்டினார். பஞ்சுக்கு நடுவே அந்த மிருக முகம்.

"இத இவனோடயே அனுப்பிடலாம்னு இருக்கேன். நான் எடுத்தது என்னன்னு மொதல்ல சொன்னவன் இவன்தான். வேற யாருக்குக் குடுப்பேன், சொல்லு?"

"டீ போடறேன், மாமா," என்று ஹேசல் சமையலறைக்கு ஓடினாள். நின்றிருந்தால் முகமே காட்டிக்கொடுத்திருக்கும்.

கெட்டில் கொதித்தது. முன்னறையில் ஒரு மூச்சு கேட்டது, அடுத்ததற்கு நெடுநேரம் ஆயிற்று. எடுத்துட்டேன்ப்பா என்று அவர் காதில் சொல்லிவிட வேண்டும், அது மட்டும்தான் அவளுக்கு அப்போது தெரிந்தது. அறுநூற்று நாற்பதைத் திறந்து, 'நீக்கு' என்பதை அழுத்தினாள்.

அழுத்திய பிறகுதான் விதி நினைவுக்கு வந்தது. முன்பு ஒருமுறை ஒருவருடைய பதிவைக் கேட்காமல் மாற்றி எழுதியதில் அவர் சண்டை போட்டுக் கிளப்பை விட்டே போய்விட்டார். அதிலிருந்து எடுத்தவர் சம்மதம் இல்லாமல் எதையும் மாற்றவோ நீக்கவோ முடியாது. கேள்வி நேராக அவருடைய போனுக்குப் போய்விடும். விதியைப் போட்டதே அப்பாதான்.

முன்னறையில் லென்னின் போன் 'டிங்' என்றது.

ஹேசல் ஓடினாள். லென் போனைத் தொடவில்லை. இரண்டு கையாலும் வில்ஃபின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.

"மூச்சு வரலம்மா," என்றார் மெதுவாக.

இருவரும் அடுத்த மூச்சுக்குக் காத்திருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு டிராக்டர் போய், அதன் சத்தமும் அடங்கியது. மூச்சு வரவில்லை. ஒரு வெண்கலத் துண்டுக்காகப் பக்கத்து அறையில் இருந்துவிட்டேனே என்று ஹேசல் அப்பாவின் காலடியில் உட்கார்ந்து அழுதாள்.

"நர்ஸைக் கூப்பிடறேன்," என்று லென் போனை எடுத்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அப்படியே நின்றுவிட்டார்.

"நீயா அனுப்பின?"

"அப்பாதான் எடுக்கச் சொன்னார், மாமா." மறைக்க இனி என்ன இருக்கிறது? எல்லாவற்றையும் சொன்னாள்.

"இருபதுல ஒண்ணா?"

"ஆமா."

"அன்னிக்கு எல்லாருக்கும் சாண்ட்விச் கட்டினவன் நான்." லென்னின் தாடை ஆடியது. "ஒம்போது வருஷம். புதன்கிழமை தவறாம அந்தப் படத்துக்குக் கீழ உக்காந்து டீ குடிச்சான், திருட்டுப்பய."

போனை வில்ஃபின் போர்வைமேல் போட்டுவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமல் பின்வாசலுக்குப் போனார். பூட்ஸை இழுக்கும் சத்தம் கேட்டது. போய்விட்டார் என்றே ஹேசல் நினைத்தாள். இனி அவர் அடக்கத்துக்குக்கூட வரமாட்டார். வீட்டுப் போனில் நர்ஸை அழைத்தாள். ஒரு மணி நேரமாகும் என்றார்கள்.

திரும்பியபோது சமையலறை வாசலில் லென் நின்றுகொண்டிருந்தார். ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் வெறும் சாக்ஸ்.

"கெட்டியான ஊசி இருக்கா?"

கோணி தைக்கும் ஊசி இருந்தது. மேசையில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து, மிருக முகத்தைக் கவிழ்த்துப் போட்டு, பின்பக்கத்தில் கீற ஆரம்பித்தார். ஊசி வழுக்கியது, விரலில் ரத்தம் வந்தது. விடவில்லை. 'நகல்' என்ற சொல் கோணல்மாணலாக எழுந்தது.

"இப்படியே இவனோட போனா, ஆயிரம் வருஷம் கழிச்சு எவனாவது தோண்டி எடுத்து என்னை மாதிரி ஏமாந்துடுவான்," என்றார். பிறகு கணினியைக் காட்டினார். "எடுக்காத. எடுத்தா அந்தப் பதினோரு பேரு எங்க தப்பாச்சுன்னு எப்படித் தெரிஞ்சுப்பாங்க? மாத்தி எழுது."

ஹேசல் எழுதினாள். பொருள், நகல். எடுத்தவர், லென் கட்டிங்.

"பொதச்சவன் பேரு?"

"அதுக்குக் கட்டம் இல்லையே, மாமா."

"குறிப்புல போடு. பொதச்சவன் வில்ஃப் கார்னம். முழுப் பேரா போடு."

போட்டாள். சேமித்தாள். முன்னறையில் போன் மறுபடி 'டிங்' என்றது.

இருவரும் போனார்கள். வில்ஃபின் கையருகே, போர்வைமேல், சின்னத் திரை வெளிச்சமாய் இருந்தது. லென் கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்துப் போட்டுக்கொண்டு, ரத்தம் பட்ட விரலை விட்டுவிட்டு வேறு விரலால் மாற்றத்துக்குச் 'சம்மதம்' என்பதை அழுத்தினார். பிறகு டப்பாவை வில்ஃபின் சட்டைப் பையில் வைத்து, பொத்தானைப் போட்டுவிட்டார்.