நான்கு வயலின்களும் ஒரு படுக்கையறைக் கதவும்

1

இந்தக் கதை பிறந்தது என் வீட்டுக் குளியலறையில். "இசையைப் பத்தி ஒரு கதை குடுங்க, சின்னதா, சீக்கிரமா" என்று பத்திரிகை ஆசிரியர் போனில் சொன்னபோது, அங்கே கதவு கீச்சிட்டது. எனக்கு இசை தெரியாது. கதவு தெரியும். இருப்பதை வைத்துத்தானே சமைக்க வேண்டும்?

முதல் தொடக்கம்: 'அந்த இசைமேதை மேடையேறிய மாலையில் வானம்...'

(வேண்டாம். வானத்துக்கு இதில் வேலை இல்லை.)

இரண்டாவது: அவர் ஓர் இசையமைப்பாளர். 'எந்தப் படத்துக்கு?' என்று கேட்பவர்களோடு அன்றே பேச்சை நிறுத்திவிடுவார். கச்சேரி மேடைக்கு மட்டுமே எழுதுகிறவர். அதிலும் இதுவரை யாரும் எழுதாததைத்தான் எழுதுவார்.*

(* இதுவரை யாரும் முழுதாகக் கேட்காததும்கூட.)

2

அவர் படுக்கையறைக் கதவும் கீச்சிடும். தாழ்ந்து தொடங்கி, பாதியில் தயங்கி, பிறகு உச்சிக்கு ஏறும்.

"ஏங்க, ரெண்டு சொட்டு எண்ணெய் விடக் கூடாதா?" என்பார் மனைவி.

"தொடாதே! அந்தச் சுருதி உலகத்துல வேற எங்கேயும் கிடையாது."

"ஏன் கிடையாது? இதோ." மனைவி தொண்டையை இறுக்கினார். "க்ர்ர்ர்... கீஈஈ!" நடுவில் வரும் அந்தத் தயக்கம்கூடத் தப்பவில்லை.

"கிண்டல் பண்றே."

"உங்க இசையில எனக்குப் பாடமானது இது ஒண்ணுதாங்க."

(மனைவியை முதலில் பொறுமைசாலியாக எழுதினேன். இரண்டு வரிக்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை.)

3

அவருடைய புதிய படைப்பில் நான்கு வயலின்கள் வெகுநேரம் சண்டை போட்டுவிட்டுச் சட்டென்று நிற்கும். அமைதி. அந்தக் கதவு திறக்கும். அந்தக் கீச்சோடு படைப்பு முடியும்.

"இதுவும் எடுபடலேன்னா, அடுத்த வருஷம் உங்க கச்சேரிக்கு ஒதுக்கின நாளை மேஜிக் ஷோக்காரருக்குக் குடுத்துடுவேன் சார்" என்று அரங்க நிர்வாகி முன்பே சொல்லிவிட்டார்.

கதவை நிலையோடு பெயர்த்து மேடையில் நிறுத்தியவர் தச்சர். கச்சேரிப் பக்கமே தலைவைக்காத மனைவியும் வந்துவிட்டார். கதவில்லாத அறையில் தனியாக என்ன செய்வார்?

வயலின்கள் உச்சத்தில் இருந்தபோது, பக்கத்து இருக்கைத் தச்சர் குனிந்து சொன்னார்:

"கவலையே படாதீங்கம்மா. கீல்ல நல்லா எண்ணெய் விட்டுட்டேன். என் கதவு சபையில சத்தம் போட்டா என் மானம் என்ன ஆகுறது?"

(மனைவி ஓடிப்போய்க் கணவரிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். எப்படி ஓடுவது? பாதியில் எழுந்து போகிறவர்கள் வழியை அடைத்துக்கொண்டிருந்தார்கள்.)

வயலின்கள் நின்றன. இசையமைப்பாளரே எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

சத்தம் இல்லை.

4

முடிவு ஒன்று: 'ஆகா, என்ன மௌனம்!' என்று விமர்சகர் எழுந்து கைதட்டுகிறார். (விமர்சகரைக் குட்ட எனக்கும் ஆசைதான். ஆனால் மனைவி வந்தது வீணாகிவிடும்.)

முடிவு இரண்டு: மேடையிலேயே அவர் மனமுடைந்து...

(இதை முடிக்கக் கை வரவில்லை.)

முடிவு மூன்று: மூடினார். மறுபடி திறந்தார். ஊஹூம். மிச்சமிருந்த கூட்டத்தில் முதல் சிரிப்பு கிளம்பியது. அவர் திரும்பி, மூன்றாவது வரிசையில் இருந்த மனைவியைப் பார்த்தார். உதவி கேட்கும் பார்வை என்று எழுத நினைத்தேன். இல்லை. 'எண்ணெய் விட்டது நீதானே?' என்றது அந்தப் பார்வை.

மனைவிக்கும் அது புரிந்தது. கைப்பையைத் தச்சர் மடியில் வைத்தார். எழுந்தார். மூச்சை இழுத்தார். வாயைத் திறந்தார்.

வரப்போவது அந்தக் கீச்சா, அல்லது இத்தனை வருஷம் சேர்த்துவைத்த நாலு வார்த்தையா?

ஒருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு எழுதலாம் என்று போய் என் குளியலறைக் கதவைத் திறந்தேன். சத்தமே இல்லை.

"நான்தான் எண்ணெய் விட்டேன்" என்றாள் என் மனைவி, சமையலறையிலிருந்து. "ஏன், அதுல ஏதாவது கதை எழுதிட்டிருந்தீங்களா?"

இசையமைப்பாளரின் மனைவி இன்னும் வாயைத் திறந்தபடி நிற்கிறார். உங்கள் வீட்டுக் கதவு எப்படி?